குப்பத்து வீட்டைக் காலி செய்வதற்கு முன்

சேகர்,

போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாய், முகமும் தெளிந்திருந்தது. அதனால் நலம் விசாரிக்கிற வரிகளை விட்டுவிடுகிறேன். லாஸ்பேட்டைக்கும் இங்கேயும் ஒரு டவுன் பஸ் தூரம்தான், இதற்குப் போய் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். நேரில் பேசினால் நீ வாட்சைப் பார்ப்பாய். நீ பார்ப்பதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். உன் அப்பா இருந்தவரை பேசவேண்டியதை அவரிடம் சொல்லிவிடுவேன், அவர் உன்னிடம் சொல்லிவிடுவார். இப்போது அந்த வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. கன்னியாஸ்திரீ மசேர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த கையெழுத்து இது. பொறுமையாகப் படி.

ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, காபியை நின்றபடியே குடித்துக்கொண்டு நீ சொன்னாய். பெண் வீட்டார் அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள். அதற்குள் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, லாஸ்பேட்டையில் நீ வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்கு நான் வந்துவிட வேண்டும். நாம் இத்தனை வருஷம் வைத்திக்குப்பத்தில் இருந்தோம் என்று யாரும் சொல்லக்கூடாது. முத்தியால்பேட்டை என்று நீ அவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாய். நம் வீட்டுக்கார அஞ்சலைக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீ சின்ன வயசிலிருந்தே வேண்டாம் என்பதற்கு 'அப்புறம்' என்றுதான் சொல்வாய். நான் தலையை ஆட்டினேன். சரி என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாய். அப்போது எனக்கு மறுத்துப் பேசத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டின் மேல் எனக்கு மோகம் எதுவும் கிடையாது. கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர்கள் நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டு, இங்கே குடியிருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று பேசிக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பி எலும்பு மாதிரி உதிர்வதில்லை. அவர்கள் வீட்டுத் தீப்பெட்டி நமத்துப்போவதில்லை. உன் அப்பா ஆசையாக வாங்கிய இரும்பு பீரோவின் கால்களை உப்பு தின்று, இப்போது அது செங்கல் மேல் நிற்கிறது. உன் முதல் சைக்கிளின் செயின் எத்தனை தடவை இறுகிப்போனது என்று உனக்கே தெரியும். துணி காய்ந்தாலும் காயாத மாதிரியே இருக்கும். மெழுகிய தரையில் கால் வைத்தால் மறுபடியும் மணல். இத்தனை வருஷமாகப் பெருக்கியும் கடற்கரை குறையவில்லை, என் முட்டிதான் தேய்ந்துவிட்டது. லாஸ்பேட்டையில் காற்றில் உப்பு இல்லை என்று நீ சொன்னபோது, அதைக் கேட்பதற்கே எனக்கு இதமாக இருந்தது. ஆகவே வரமாட்டேன் என்று அடம்பிடிக்க இதை எழுதவில்லை. வருவதற்கு முன் சில விஷயங்கள் நேராக வேண்டும்.

நாம் இங்கே எப்படி வந்தோம் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். முத்தியால்பேட்டையில் ஒரு நீளமான வீட்டில் பின்கட்டில் இருந்தோம். ஒரே குழாய், ஒரே கக்கூஸ், தண்ணீர் வந்தால் சண்டை. மில்லில் வேலைநிறுத்தம் வந்து, பிறகு கேட்டையே பூட்டிவிட்டார்கள். பூட்டு திறக்கும் திறக்கும் என்று மாதங்கள் போயின. வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் குடும்பம் இருந்தது. "வேற இடம் பாத்துக்கப்பா" என்றார். உன் அப்பா தெருத்தெருவாக அலைந்தார். வீடு காலியாக இருக்கும், சாவியைக்கூடக் கையில் எடுப்பார்கள், பிறகு எங்கே வேலை என்று கேட்பார்கள். மில் என்றதும் சாவி திரும்ப ஆணியில் தொங்கிவிடும். ஒரு அம்மாள், "மில்காரங்களுக்கு வுடறதில்லைங்க, காலி பண்ண வைக்க முடியாது" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வீடு தேடிப் போகிறவனை வீட்டுக்காரன் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. உனக்குச் சர்க்கார் வேலை, அந்தப் பார்வை உன் மேல் விழாது. விழுந்தவர்களை நீ மறந்துவிடாமல் இருந்தால் போதும்.

அப்போது நம் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள் அஞ்சலை. நான் மீன் வாங்குவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாம்மா, வூடு தேடறீங்களாமே?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கூட்டுக்கு வரியா? பூட்டித்தான் கெடக்குது" என்றாள். வைத்திக்குப்பத்தின் ஓரத்தில், அவளும் அவள் புருஷன் தேசிங்கும் பாடுபட்டு இரண்டு அறை வைத்து ஓட்டு வீடு ஒன்று கட்டியிருந்தார்கள். மகள் வசந்தாவின் கல்யாணத்துக்காகக் கட்டியது. வசந்தா கடலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். தேசிங்குக்குச் சுவருக்குள் தூக்கம் வரவில்லை. கடல் சத்தம் காதில் விழாவிட்டால் நெஞ்சு அடைக்கிறது என்று வீட்டுக்குப் பின்னால் பழைய குடிசையிலேயே இருந்துவிட்டார். மில்லைப் பற்றி அஞ்சலை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாடகைய மில்லு தொறந்தப்பால குடு, இன்னா இப்போ" என்றதோடு சரி.

உன் அப்பா அன்று சாப்பிடவில்லை. "ஊர்ல இன்னா சொல்லுவாங்க" என்று மட்டும் கேட்டார். விவசாயக் குடும்பத்துக்காரர்கள் போய் மீனவர் வீட்டில் வாடகைக்கு இருப்பதா என்று ஊரில் பேசுவார்கள் என்பது எனக்கும் தெரியும். பேசுகிறவர்கள் வீட்டில் நமக்கு ஓர் அறை தருவார்களா என்று கேட்டேன். மறுநாள் தலைச்சுமையாகச் சாமான்களைக் கொண்டுவந்து சேர்த்தோம். வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அஞ்சலைக்கும் அவள் தெருவில் பேச்சு விழுந்திருக்கிறது. குப்பத்துக்குள் வெளியாட்களைக் குடிவைக்கலாமா என்று அவர்கள் பெரியவர்கள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். "நான் கட்டுன வூடு, நான் யார வேணா வைப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. வேறு ஒருத்தி சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று நினைக்காதே. முதல் வருஷம் எனக்கும் அவளுக்கும் ஓயாத சண்டை. என் கோலத்தின் மேல் கருவாடு காயப்போடுவாள். ஈர வலையைக் கொண்டுவந்து நம் சுவரில் சாய்ப்பார்கள், வாடை அடுப்பங்கரை வரை வரும். தன் வீடுதானே என்று எந்த நேரமும் உள்ளே வந்து நிற்பாள், பானையைத் திறந்து பார்ப்பாள், "இன்னா, கொழம்புல புளியே இல்ல" என்பாள். ஒரு நாள் நான் தலைக்குக் குளித்துவிட்டு மாற்றுப் புடவையோடு நிற்கிறேன், கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாடகைக்கு வுட்டுட்டா இது என் வூடு அஞ்சலை. வெளிய நின்னு கூப்ட்டுட்டு வா" என்றேன். முகம் சுண்டிப்போய்த் திரும்பிப் போனாள். நான் சொன்னது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. குடியிருப்பவளுக்கு ஒரு கதவு வேண்டும். ஆனால் அன்றிலிருந்து அவள் கூப்பிடாமல் என் வாசற்படியைத் தாண்டியதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

உன் பெரியப்பா ஒரே ஒரு தடவை வந்தார். வேம்புக்குக்கூட நிழல் இல்லாத உச்சி வெயில். உள்ளே வாங்க என்றேன். வெளியிலேயே நின்று பேசினார். மோர் கொண்டுவந்து நீட்டினேன், "இப்பதான் குடிச்சேன்" என்றார். வில்லியனூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர் எங்கே குடித்திருப்பார்? உன் அப்பா அந்தச் சொம்பை வாங்கித் தானே குடித்துவிட்டு உள்ளே வைத்தார். அவருக்கு அண்ணன் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அந்தப் புயல் வந்தது. நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய், இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். மில் திறந்து, பாதிப் பேருக்கு வேலை, மீதிப் பேருக்கு நாளைக்கு வா, நாளைக்கு வா என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம். உன் அப்பா வீட்டில்தான் இருந்தார். காலையிலிருந்தே கடல் வேறு நிறமாகிவிட்டது. தேசிங்கும் மற்ற ஆண்களும் கட்டுமரங்களை மேலே மேலே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குப்பத்துக்குள் ஏறியது. முன்வரிசைக் குடிசைகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. நாம் மேட்டுப்பக்கம் இருந்ததால் நம் வாசல் வரைதான் வந்தது. ஓடு பறந்த இடத்தில் அப்பா சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கதவைத் திறந்தேன்.

முழங்கால் தண்ணீரில் அஞ்சலை நிற்கிறாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வசந்தாவைத் தோளோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறது. மழை அவர்கள் மேல் கொட்டுகிறது. எத்தனை நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாளோ தெரியாது. "எம்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

"இன்னாடி கேக்கற, இது உன் வூடு" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"வூடு என்னுதுதான்," என்றாள். "குடி நீதான இருக்க."

சேகர், பிறகு எத்தனையோ பேர் என்னிடம் மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். உன் ஆபீசுக்கு வந்தால் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். ஆனால் இடுப்பு வலி எடுத்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் கட்டிய வீட்டின் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று ஒருத்தி என்னைக் கேட்டாளே, அதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை.

வலி ஏறிக்கொண்டே போனது. குழந்தை குறுக்கே இருக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று குப்பத்தில் பிரசவம் பார்க்கிற அம்மாள் கையை விரித்துவிட்டாள். ரிக்ஷா எதுவும் இந்தப் பக்கம் வராது, தெருவே ஆறாக ஓடுகிறது. உன் அப்பா கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம் என்பது உனக்குத் தெரியுமா? இங்கே குடிவந்த பிறகும் அவர் கடலில் கால் நனைத்ததில்லை. ஏரியில் சின்ன வயசில் முழுகப் பார்த்து யாரோ முடியைப் பிடித்து இழுத்துப்போட்டார்களாம், அந்த நடுக்கம் போகவே இல்லை. அந்த மனுஷன் கட்டிலின் முன்காலைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வரை தண்ணீரில் இறங்கினார். மறுபக்கம் தேசிங்கு. பின்னால் இரண்டு பேர். நான் வசந்தாவின் மேல் தார்ப்பாய்த் துண்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அஞ்சலை உன்னைத் தன்னோடு வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். தேசிங்கு அப்பாவைப் பார்த்து, "அண்ணே, கீழ பாக்காத. என் மூஞ்சியப் பாத்துக்கினே நட" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பாவும் அப்படியே நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கட்டிலை இறக்கியதும் அங்கேயே படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். தேசிங்கு அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளே தன் மகள் என்ன ஆனாள் என்று போய்ப் பார்க்காமல், இவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். குடிசை போய்விட்டது, தாயும் பிள்ளையும் வேறு எங்கே வருவார்கள்? நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். முன் அறையில் அவர்கள், பின் அறையில் நாம், நடுவில் என் கல்யாணப் புடவையைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தடுப்பு. தை பிறந்து குடிசை எழும்பும் வரை அப்படி இருந்தோம். குழந்தைக்கு நான்தான் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். அந்த இரண்டு அறையில் எனக்கு மூச்சு முட்டியது என்பதும் உண்மைதான். சமையல் இரண்டு, சத்தம் நாலு, ஒரு நிமிஷம் தனியாக உட்கார இடம் கிடையாது. ஒரு நாள் கொல்லைப்புறம் போய் நின்று அழுதேன். யாரும் எதுவும் செய்துவிடவில்லை, களைப்பில் வந்த அழுகை. அஞ்சலை பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்த துணி வாளியை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த நிலைமையில்தான் பெரியப்பா மறுபடியும் வந்தார். அவர் பெண்ணின் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். வாசலிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். வெற்றிலை பாக்கு அவர் கையிலேயே நின்றது. தம்பியைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் மணலில் நின்று பேசினார். காற்று நம் பக்கம் வீசியதால் எனக்குக் கேட்டது.

"ஊட்டக் காலி பண்ணிட்டு ஊருக்கு வா. உனுக்கு நெலத்துல பாத்யதை இருக்குது. இங்கியேதான் இருப்பன்னா கல்யாணத்துக்கு வராத. சம்பந்தி வீட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"வெளிய போய்த்தான் கேட்டம்ணே. ஒருத்தரும் குடுக்கல," என்றார் உன் அப்பா. "இவங்க குடுத்தாங்க. இப்ப அவங்க வூடு போயிடுச்சி. இந்த நேரத்துல காலி பண்ணினு வந்தன்னா நான் இன்னா மனுசன்?"

"அப்போ உன் இஷ்டம்" என்று பெரியப்பா சைக்கிளை எடுத்தார். அப்பா அவர் கூடவே தார்ச்சாலை வரை போனார். திரும்பி வந்து உன்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, வெகுநேரம் உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணத்துக்கு நாம் போகவில்லை. என் தம்பியும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டான். அடுத்த சித்திரையில் உனக்குக் காது குத்த ஏற்பாடு செய்தபோது தாய்மாமன் வரவில்லை. மில் கஷ்டத்தில் ஏற்கெனவே தள்ளித்தள்ளிப் போட்ட காரியம் அது. கோயிலில் ஆசாரி ஊசியோடு நிற்கிறார், யார் மடியில் உட்காரவைப்பது என்று தெரியாமல் நாங்கள் நிற்கிறோம். தேசிங்கு வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வாடா மாப்ள" என்றார். நீ போய் உட்கார்ந்தாய். அழவில்லை. இதை நீ மறந்திருக்க முடியாது. கேட்டால் ஞாபகம் இல்லை என்பாய், அவ்வளவுதான்.

உன் அப்பாவின் இருமலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, நீ கூட இருந்தாய். மில்லின் பஞ்சு நெஞ்சில் இருக்கிறது என்றார்கள். அவர் போன அன்று ஊரிலிருந்து வந்தவர்கள் வெளியிலேயே நின்றார்கள், குப்பத்து ஜனங்கள் உள்ளே நின்றார்கள். நீ கொள்ளிச்சட்டி எடுத்துக்கொண்டு போனபோது உன் ஒரு பக்கம் பெரியப்பா, இன்னொரு பக்கம் தேசிங்கு. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

அதற்கு அடுத்த வருஷம் வசந்தாவின் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு இவள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை, நண்பர்கள் என்று ஓடிக்கொண்டிருந்தாய். அந்தக் குடிசையில் நாலு பேர் எப்படிப் படுப்பார்கள்? அவர்களுக்கென்று கட்டிய வீட்டில் நான் ஒருத்தி பீரோவோடு படுத்திருக்கிறேன். காலி செய் என்று அஞ்சலை வந்து சொல்வாள் என்று நாள்தோறும் காத்திருந்தேன். சொல்லவில்லை. மழை வந்தது, குடிசை ஒழுகியது, அப்போதும் சொல்லவில்லை. நானே பொறுக்கமாட்டாமல், "ஏண்டி, வூட்டக் கேக்கமாட்டியா?" என்றேன்.

"கேட்டா நீ எங்க போவ?" என்றாள். "அவளுக்கும் தாலி இல்ல, உனுக்கும் தாலி இல்ல. ஒருத்திய உள்ள வைக்கறதுக்கு இன்னொருத்திய வெளிய தள்ளவா?"

அன்று இரவிலிருந்து வசந்தாவும் அவள் மகளும் முன் அறையில் படுக்கிறார்கள். நீ வரும்போதெல்லாம் அவர்கள் எழுந்து வெளியே போய்விடுகிறார்களே, உனக்கு வழிவிட்டுத்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

சேகர், இனிமேல் நீ எத்தனை வாடகை வீட்டில் இருப்பாயோ எனக்குத் தெரியாது. சொந்த வீடும் கட்டுவாய், கட்டு. வாடகைக்குப் போகிற வீட்டில் குழாயில் தண்ணீர் வருகிறதா, காற்று வருகிறதா என்று பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். கூடவே வீட்டுக்காரர் முகத்தையும் ஒரு தடவை நிதானமாகப் பார். அவர்களும் ஏதோ ஓர் ஆசைக்காக அந்தச் சுவரை எழுப்பியிருப்பார்கள். அந்த ஆசைக்கு நடுவில் நாம் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். அவர்கள் வாய்விட்டுக் கேட்கிற வரைக்கும் காத்திருக்காதே. நாளைக்கு உன் வீட்டில் யாராவது குடியிருந்தால், அவர்கள் கதவைத் தட்டிவிட்டுப் போ. இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை, அறிவும் இல்லை.

நான் லாஸ்பேட்டைக்கு வருகிறேன். நீ சொன்னதற்காகக் காலி செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இந்த வீடு வசந்தாவுக்குப் போகவேண்டியது. அவள் மகள் பெரியவளாகிவிட்டாள், நாளைக்கு அந்தப் பெண்ணை யாராவது பார்க்க வந்தால் உட்காரவைக்க ஒரு சுவர் வேண்டும். போகவேண்டியவள் நான்தான், கொஞ்சம் முன்பே போயிருக்க வேண்டும். ஆனால் பெண் வீட்டார் வந்துபோன பிறகுதான் வருவேன். அவர்கள் இங்கே வருவார்கள்.

ஆமாம், இங்கேதான். புதன்கிழமை நான் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். நீ கோபப்படுவாய், படு. பெண்ணின் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்று நாற்காலி போட்டார்கள். "முத்தியால்பேட்டையில எந்தத் தெருங்க?" என்று கேட்டார்கள். "முத்தியால்பேட்டையை விட்டு வந்து ரொம்ப வருஷம் ஆச்சிங்க. வைத்திக்குப்பத்துல இருக்கறோம், மீன் விக்கிறவங்க வீட்ல குடி. எம்மவன் அங்கதான் வளர்ந்தான்" என்றேன். அந்த அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பெண்ணின் அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அவரு அப்படிச் சொல்லலியே" என்றார். "வெக்கப்பட்டுச் சொல்லாம இருந்திருப்பான். வயசு அப்படி. பொய் சொல்ற பையன் இல்ல. இந்த ஒண்ணுதான்" என்றேன். என் மகனுக்காக நான் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. உள்ளே அறை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். "அப்பா, போய்ப் பாத்துட்டு வரலாமே" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "குப்பம்னா எங்க சொந்தக்காரங்க பேசுவாங்கம்மா, அதையும் நான் யோசிக்கணும். ஆனா வர்றோம். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றோம்" என்றார். ஒளிக்காமல் சொன்னார், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வரட்டும். ஒத்துவந்தால் மேற்கொண்டு பேசுவோம். ஒத்துவராவிட்டால் காபி குடித்துவிட்டுப் போவார்கள், உனக்கு வேறு இடத்தில் பெண் பார்ப்போம். எது நடந்தாலும் நான் ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு மீதி நாளைக் கழிக்க வேண்டியதில்லை. அதற்கு எனக்குச் சக்தி கிடையாதப்பா.

வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானமே லீவு போட்டுவிட்டு வா. முன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வசந்தா தொடங்கிவிட்டாள். தேசிங்கு யாரிடமோ நாற்காலிகள் கேட்டு வைத்திருக்கிறார். அஞ்சலை அன்றைக்குக் கூடையைத் தூக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். பெண் வீட்டார் வருகிற அன்று பச்சைப் புடவை கட்டுவதா, அரக்குப் புடவை கட்டுவதா என்று இரண்டு நாளாக என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பத்திரிகை வைப்பதை 'அப்புறம்' என்று நீ சொன்னது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எந்தப் புடவை என்பதை நீயே வந்து அவளிடம் சொல்.

அம்மா